தபால்கார அண்ணையின் காலில் ஓடிய பீற்

ஹிப் ஹொப் பீற் ஒன்று செய்வதற்கு என்னென்ன வேண்டுமென்று பெரிய மச்சான் கனடாவிலிருந்து அனுப்பிய கசெற்றில் சொல்லியிருந்தார். ஒரு மெஷின் வேண்டும். மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். நாலு அடியை அதற்குள் போட்டுவிட்டால் அது அதையே திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டிருக்கும். நாங்கள் மேலே சொல்லைச் சொல்லிக்கொண்டு போகவேண்டியதுதான். "சின்ன வேலை, பயப்பிடாதேங்கோ" என்று முடித்திருந்தார். விசுவமடுவில் அந்தக் காலத்தில் சில வீடுகளில் சுவிச்சுகள் இருந்தன. அவற்றுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது.

யாழ்ப்பாணப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்த என் அம்மாவும் அப்பாவும் தர்மபுரத்தில் ஒரு கொட்டிலில் இருந்தார்கள். அதற்குள் காலை நீட்டினால் ஆள் வெளியே வந்துவிடும் என்பதால் என்னை விசுவமடுவிலிருந்த மாமி வீட்டில் விட்டிருந்தார்கள். மாமி என் அப்பாவின் தங்கை. வயல், மாடு, கோழி எல்லாவற்றையும் ஒரே குரலில் அதட்டி வைத்திருந்தவா. அவாவுக்கு இரண்டு பெடியன்கள். மூத்தவர்தான் கனடாவில் இருந்த பெரிய மச்சான். இளையவன் என் வயதுக்காரன். அவனை நான் வெறும் மச்சான் என்றே கூப்பிடுவேன்.

பெரிய மச்சான் அங்கே நாலைந்து பேரோடு சேர்ந்து ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் தமிழில் ஹிப் ஹொப் பாடிக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து ஒரு பீற்றும் ஊர்ப் பெடியன் ஒருவனின் குரலும் வந்தால் தங்கள் கசெற்றில் சேர்க்கலாம் என்று அவர் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

எனக்கு அது ஒரு விளையாட்டு. மச்சானுக்கு அப்படியில்லை. அண்ணன் வெளிக்கிட்டுப் போகும்போது இவன் அரைக்காற்சட்டையோடு ஓணானுக்குக் கல்லெறிந்துகொண்டு நின்றவன். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கசெற்றிலும் அண்ணன் அம்மாவோடு கதைப்பார், மாடுகளை விசாரிப்பார், கடைசியில் போகிற போக்கில், "தம்பியைக் கிணத்தடிக்குப் போக விடாதேங்கோ" என்று சொல்லி முடிப்பார். தம்பிக்கோ மீசை வந்து, அதை ஒரு தரம் வழித்து, அது திரும்பவும் வந்துவிட்டது. குரல் அதைவிட. வளவின் பின்கோடியில் நின்று எங்கள் மாட்டைக் கூப்பிட்டால் பக்கத்து வளவு மாடும் எழும்பி நிற்கும்.

"என்ரை குரலை அண்ணை ஒருக்காக் கேக்கவேணும் மச்சான்," என்றான். "அவ்வளவுதான். அதுக்குப் பிறகு இந்தக் கிணத்தடிக் கதை வராது. பீற்றை நீ செய். மிச்சத்தை நான் பாக்கிறன்."

மெஷின் இல்லாவிட்டால் என்ன, கை இருக்கிறதே என்று நான் தொடங்கினேன். பெரிய மச்சானின் கசெற்றைச் சந்திக் கடையில் ஜெனரேற்றர் ஓடும் நேரம் போட்டுக் கேட்டிருந்தோம். ஜெனரேற்றரின் இரைச்சலுக்கு மேலாலும் ஒன்று விளங்கியது. முதல் அடி டும், அடுத்தது சக். மாமியின் வளவில் ஒரு வெறும் மண்ணெண்ணெய்ப் பரல் கிடந்தது. ஒரு மத்தியானம் அதைக் கவிழ்த்து வைத்து, தடித்த பொல்லொன்றை எடுத்து, முழுப் பலத்தோடு முதல் டும்மை அடித்தேன்.

சக் அடிக்க அவகாசம் கிடைக்கவில்லை. கோழிகள் கூரைக்குப் போயின. நாலு வளவிலும் கதவுகள் அடிபட்டன. பக்கத்து வளவுத் தபால்கார அண்ணை வேலியைத் தாண்டி ஓடிவந்து, கையில் சோற்றுக் கோப்பையோடு செல் விழுந்தால் ஒளிக்க வெட்டியிருந்த எங்கள் பங்கருக்குள் குதித்தார். ஒரு பருக்கைகூடச் சிந்தவில்லை, அவ்வளவு பழக்கம். உள்ளே மாமி ஏற்கெனவே இருந்தா.

"எங்கையடா விழுந்தது?" என்றார் அண்ணை, பங்கருக்குள்ளிருந்து.

"பரலுக்கு மேலை அண்ணை," என்றான் மச்சான்.

"செல்லோ?"

"இல்லை. இவன்ரை பொல்லு."

பங்கருக்குள்ளிருந்து மாமியின் தலை வெளியே வந்தது. "மருமோன், உங்கடை அப்பா உம்மை நம்பி விட்டவரெண்டு நினைக்காதையும், என்னை நம்பித்தான் விட்டவர். இனி இந்த வளவுக்கை டும் எண்ட சத்தம் வாயாலையும் வரப்படாது!"

ஹிப் ஹொப்பில் டும் இல்லாவிட்டால் அது தாலாட்டு. எங்கள் ஊரில் டும் என்றால் சனம் மண்ணுக்குள் போய்விடும். உலகத்தில் வேறெந்தப் பீற்காரனுக்கும் இந்தச் சிக்கல் வந்திருக்காது என்று நினைக்கிறேன். ஆளை ஓட வைக்காத ஒரு டும் வேண்டும். வாழைக் குற்றியில் அடித்துப் பார்த்தேன், ஈரச் சத்தம். தலையணையில் குத்தினேன், ஒன்றுமே இல்லை. கடைசியில் குசினிக்குப் பக்கத்து அறையில் அடுக்கியிருந்த நெல் மூடைகளில் ஒன்றைக் கைமுட்டியால் குத்தியபோதுதான் அது வந்தது. அடிவயிற்றிலிருந்து வரும், அடக்கமான, மரியாதை தெரிந்த டும். வெளியே நின்ற மாமி திரும்பியும் பார்க்கவில்லை. சக்குக்குச் சுளகைக் கவிழ்த்து ஈர்க்குக் கட்டால் அடித்தேன். இடையில் வரும் சின்னச் சிலுசிலுப்புக்கு ஒரு நெருப்புப் பெட்டிக்குள் நெல் போட்டு இடது கையில் வைத்துக் குலுக்கினேன். சுளகு மாமிக்கு ஒவ்வொரு நாளும் தேவைப்பட்டதால், அவா அரிசி புடைத்து முடித்த பிறகுதான் எனக்குச் சங்கீதம்.

"மூடையைக் குத்துறதெண்டால் உரலிலை போட்டுக் குத்தும், அரிசியாவது மிஞ்சும்," என்பா.

இனி அதைப் பதிய வேண்டும். மாமியிடம் ஒரு ரேப் றெக்கோடர் இருந்தது. பற்றரி எந்தக் கடையிலும் இல்லை, ஆமிக்காரர் வன்னிக்குள் வர விடமாட்டார்கள். சந்திக் கடை ஜெனரேற்றரில் பதியப் போனால் ஜெனரேற்றர்தான் பாடும். அப்போது ஊரெல்லாம் செய்த வேலையைத்தான் நாங்களும் செய்தோம். சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, பின்சில்லில் டைனமோவை முட்ட வைத்து, அதன் வயரை றெக்கோடருக்குக் கொடுத்து, ஒருவர் ஏறியிருந்து மிதிப்பது. செய்தி கேட்பதற்குச் சனம் ஆள் மாறி ஆள் மிதித்த காலம் அது.

எங்களுக்கு வேண்டியது சலிக்காமல் மிதிக்கக்கூடிய கால்கள். தபால்கார அண்ணையைவிட்டால் யார்? அப்போது தபால் வருவதே குறைவு. இருந்தாலும் அவர் ஒவ்வொரு நாளும் தன் வட்டாரத்தை ஒரு தரம் சுற்றிவருவார். கேட்டால், "கடிதம் வந்தால் என்ன, வராட்டில் என்ன. ஓடாட்டி கால் என்னோடை கோவிக்கும்," என்பார். பரல் விஷயத்தில் எங்களோடு கோபமில்லையா என்று கேட்டோம். "சோறு சிந்தேல்லைத்தானே," என்றார்.

முதல் ஒத்திகையில் என் பீற் நன்றாகத்தான் போனது. திடீரென்று றெக்கோடரின் சிவப்பு வெளிச்சம் மங்கும், பிறகு பிரகாசமாகும், திரும்ப மங்கும். நிமிர்ந்து பார்த்தேன். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு மிதித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணை, இடைக்கிடை குறையுது?"

"அது ரீச்சர் வீட்டு வாசல் படலை. அதிலை கொஞ்சம் குறைப்பன்."

"ஸ்ராண்டிலை நிக்கிற சைக்கிளுக்கு எங்கை அண்ணை படலை?"

"சைக்கிள் நிக்குது. நான் போறனெல்லே!"

ஆகவே அவருக்கு ஒரு பாதை போட்டுக் கொடுத்தோம். "இப்ப நீங்கள் பரந்தன் - முல்லைத்தீவு றோட்டிலை போறியள். நேர் றோட்டு. ஒரு வீடும் இல்லை, ஒரு கடிதமும் இல்லை." அண்ணைக்கு அது பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவரின் கால்கள் ஒரே சீராக, மெதுவாக, பின்னேரக் காற்று வாங்கப் போகிறவரைப்போல் சுற்றின. வெளிச்சம் மங்கவேயில்லை.

நான் குத்தினேன், அடித்தேன், குலுக்கினேன். ஒரே நாலு அடியைத் திருப்பித் திருப்பி. மெஷின் ஏன் கண்டுபிடித்தார்கள் என்று அன்றைக்கு என் கைமுட்டிக்கு விளங்கியது. மச்சான் றெக்கோடருக்கு முன்னால் முழங்காலில் நின்று, நெஞ்சை நிமிர்த்தி, தன் ஆகக் கனத்த குரலில் தொடங்கினான்.

"எங்கடை வீட்டிலை லாம்பு மங்குது, எண்டாலும் வழி தெரியுது. உங்கடை ஊரிலை லைட் எரியுது, எங்கடை முகம் ஆருக்குத் தெரியுது?"

இப்படியே ஒரு கசெற்றின் கால்வாசி போனது. முடிந்ததும், அண்ணை கால் மாறாமல் மிதிக்க, அதே சைக்கிளில் போட்டுக் கேட்டோம். அச்சொட்டாக இருந்தது. மச்சானின் குரல் மச்சானின் குரலேதான். டும் டும்மாகவும் சக் சக்காகவும் இருந்தன. மாமிகூட வாசலில் வந்து நின்று, "பரவாயில்லை, என்ரை சுளகு நல்லாப் பாடுது," என்றா. கனடாவிலிருந்த மகளிடம் போக, வன்னியை விட்டு வெளியேறப் பாஸ் கிடைத்திருந்த அந்தப் படலை வீட்டு ரீச்சர் கசெற்றை மிளகாய்த்தூள் பார்சலோடு கொண்டுபோனா.

சில கிழமைக்குப் பிறகு கொழும்பு போய் வந்தவர் ஒருவர் ரீச்சர் சொல்லிவிட்ட செய்தியைக் கொண்டுவந்தார். வவுனியாவில் ஆமிச் சோதனையில் கசெற்றைப் போட்டுக் கேட்டார்களாம். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, போங்கோ என்று விட்டுவிட்டார்களாம்.

மச்சான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "அவங்களுக்கு ஹிப் ஹொப் விளங்காது."

பதில் வர நாள் எடுத்தது. வந்தபோது பார்சலாக வந்தது. ஒரு கசெற், ஒரு போத்தல் சத்துக் குளிசை, ஒரு பால்மா ரின், முன்பக்கத்தில் மஞ்சள் தாராக் குஞ்சின் படம் போட்ட ஒரு சேட்டு. மச்சான் சேட்டைத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தான். விலா எலும்போடு முடிந்துவிட்டது.

"ஆருக்கடா இது?" என்றேன்.

"கசெற்றைப் போடு."

சந்திக் கடை ஜெனரேற்றர் அதற்குள் எண்ணெய் இல்லாமல் படுத்துவிட்டது. தபால்கார அண்ணையைக் கூப்பிட்டோம். அவர் ஏறியிருந்து, நேர் றோட்டைப் பிடித்து, தன் பாட்டில் மிதித்தார். றெக்கோடருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. கிணற்றுக்குள் விழுந்த கிழட்டு நாம்பன் மாடு கதைப்பதுபோல.

"அ...ம்...மா... சு...க...மோ..."

மாமி நெஞ்சில் கை வைத்துக்கொண்டா. "ஐயோ, என்ரை பிள்ளைக்கு நெஞ்சு முழுக்கச் சளி! அந்தக் குளிருக்கை ஆர் அவனுக்கு ஒரு குடிநீர் வைச்சுக் குடுக்கிறது? தம்பி, உங்கடை வேலியிலை ஆடாதோடை நிக்குதெல்லோ, ஓடிப்போய் ரெண்டு கொப்பு முறிச்சுக்கொண்டு வாருங்கோ."

"நான் இறங்கினால் பிள்ளை கதைக்காது அக்கா," என்றார் அண்ணை, மிதித்துக்கொண்டே.

பிள்ளை கதைத்தது. இழுத்து இழுத்துச் சொன்னதை இங்கே நேராகச் சொல்கிறேன். "அம்மா, தம்பியின்ரை குரலைக் கேட்டு நான் அழுதிட்டன். நான் விட்டிட்டு வரேக்கை எப்பிடியிருந்துதோ அப்பிடியே இருக்குது. இவ்வளவு வயசாகியும் குரல் உடையேல்லை. அங்கத்தைச் சாப்பாடு அப்பிடி, என்ன செய்யிறது. குளிசையை ஒவ்வொரு நாளும் குடுங்கோ, வளருவான். ஒருக்கா டொக்டரிட்டையும் காட்டுங்கோ. சேட்டு அளவாயிருக்குமெண்டு நினைக்கிறன்."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு மூடைகளின் பக்கம் திரும்பிக்கொண்டேன். மச்சானின் முகம் சிவக்கும் நிறமில்லை. ஆனால் அன்றைக்குச் சிவந்தது.

"குரல் உடையேல்லையோ! எனக்கோ! இவர் முதல் தன்ரை குரலைப் போய்க் காட்டட்டும். இறங்குங்கோ அண்ணை!"

"ஏன் தம்பி, நான் நல்லாத்தானே..."

"இறங்குங்கோ எண்டிறன்!"

ஏறியிருந்து மிதித்தான். கோபக்காரனின் மிதி. சில்லு இரைந்தது, ஸ்ராண்ட் நடுங்கியது. றெக்கோடருக்குள் இருந்த கிழவனுக்கு வயது குறையத் தொடங்கியது. பல்லில்லாத குரல் நடுத்தர வயதுக்கு வந்தது, அதைத் தாண்டி இளந்தாரியானது, இன்னும் மிதிக்கக் கீச்சுக் குரலில் ஒரு பள்ளிக்கூடப் பெடியன், "ஸ்னோ கொட்டுதம்மா, ஸ்னோ கொட்டுதம்மா," என்று கத்தினான்.

"குறையடா!" மாமி எழும்பிவிட்டா. "குறை... இன்னும் கொஞ்சம்... ஆ, நில், நில், அதிலையே நில். உதுதான். உதுதான் என்ரை பிள்ளை!"

மச்சான் அந்த வேகத்திலேயே மிதித்தான். சளியும் இல்லை, ஒன்றும் இல்லை. பெரிய மச்சான் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து கதைப்பதுபோல் கதைத்துக்கொண்டிருந்தார். மாமி அந்தக் குரலைப் பார்த்துக்கொண்டு நின்றா. உண்மையாகவே பார்த்துக்கொண்டுதான் நின்றா.

அப்போதுதான் எனக்கு ஓடி வெளித்தது. நாங்கள் பதியும்போது றெக்கோடர் மெதுவாக ஓடியிருக்கிறது. அதே மெதுவில் போட்டுக் கேட்டதால் எங்களுக்கு எல்லாம் சரியாகக் கேட்டிருக்கிறது. கனடாவில் கரண்ட் எந்தப் படலையிலும் குறைப்பதில்லை. அங்கே போட்டவுடன் எங்கள் கசெற் ஓட்டம் பிடித்திருக்கிறது. மச்சானின் மாடு கூப்பிடும் குரல் அணில் குரலாகியிருக்கிறது. வவுனியாவில் ஏன் சிரித்தார்களென்றும் விளங்கியது. என் மூடை டும் என்னவாகக் கேட்டிருக்கும் என்று நான் யோசிக்க விரும்பவில்லை.

நான் சொல்லி முடிக்க, தபால்கார அண்ணையின் முகம் வாடிவிட்டது. "அப்ப பிழை என்ரை காலிலையோ?"

"சீச்சீ," என்றா மாமி. "நீங்கள் நல்லாத்தான் ஓடினியள் தம்பி. மெல்லமா நல்லா ஓடினியள்."

"திரும்பப் பதிவம்," என்றான் மச்சான். குளிசைப் போத்தலைத் தூக்கி மாமியின் அலுமாரிக்கு மேலே வைத்தான். "இண்டைக்கே."

எந்த வேகத்தில் மிதிப்பது என்பதுதான் கேள்வி. எங்களிடம் அதை அளக்க ஒரு கருவியும் இல்லை, மாமியின் காது ஒன்றைத் தவிர. முதலில் பெரிய மச்சானின் கசெற்றைப் போட்டு அண்ணை மிதிப்பது. மாமி, "கூட்டு, கூட்டு, ஆ, குறை, உதுதான்" என்று சொன்னவுடன், கால் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்க, நான் அந்தக் கசெற்றைக் கழற்றி வெறும் கசெற்றைப் போட்டு, பாய்ந்து வந்து மூடையைக் குத்துவது. கால் நிற்கக் கூடாது. நின்றால் திரும்பவும் பெரிய மச்சான், திரும்பவும் மாமி.

மாமியின் பிள்ளைக்கு வேண்டிய வேகம் அண்ணையின் வாழ்நாள் வேகம் அல்ல. கொஞ்ச நேரத்தில் அவர் சேட்டைக் கழற்றிவிட்டார்.

"இந்த ஓட்டத்துக்கு நான் இப்ப முல்லைத்தீவுக் கடலுக்கை நிப்பன்."

"கதையாதேங்கோ அண்ணை, பதியுது!"

"மூச்சும் விடப்படாதோ?"

அவர் வாய் மூடினார். மூச்சை மூட முடியவில்லை. ஒவ்வொரு மிதிக்கும் ஹ்ஹா, ஹ்ஹா என்று வந்தது. நான் கையைக் காட்டினேன், கண்ணைக் காட்டினேன், பலிக்கவில்லை. மச்சான் எதையும் கவனிக்கவில்லை. அதே வரிகளைத்தான் சொன்னான், ஆனால் இந்த முறை நெஞ்சை நிமிர்த்தவில்லை. குரலைக் கனப்படுத்தவும் இல்லை. பக்கத்தில் இருக்கும் ஒருவரோடு கதைப்பதுபோல் சொன்னான். எனக்கு அதுதான் நல்லதாகப் பட்டது. சொல்லவில்லை, சொன்னால் திரும்பப் பதிவோம் என்பான், அண்ணை செத்துப்போவார்.

அந்தக் கசெற்றும் யாரோ ஒருவரின் பையில் போனது. பதில் வரும்வரை மச்சான் படலைச் சத்தம் கேட்டால் எழும்புவான். தபால்கார அண்ணைதான் வருவார், வெறும் கையோடு. "என்னைப் பாத்து இப்பிடி ஆசையா எழும்பின ஆள் இந்த வட்டாரத்திலை நீ ஒருத்தன்தான்," என்பார்.

கடைசியில் வந்தது. கசெற் மட்டும். குளிசை இல்லை, பால்மா இல்லை. மாமிக்குப் பால்மா இல்லாதது கொஞ்சம் மனவருத்தம். அண்ணை ஏறியிருந்தார், மாமி வேகத்தைப் பிடித்துக் கொடுத்தா. பெரிய மச்சான் இந்த முறை அம்மா சுகமோ என்றுகூடத் தொடங்கவில்லை.

"டேய், ஆரடா அது? நீயோ? ரெண்டு தரம் திருப்பிப் போட்டுக் கேட்டுத்தான் நம்பினனான். சரி, அதை விடு. ரெண்டாவது வரி பிழை. முகம் ஆருக்குத் தெரியுது எண்டு நீ என்னெண்டு சொல்லுவாய்? எனக்குத் தெரியும். அந்த வரியை மாத்தி அனுப்பு, இல்லாட்டிக் கசெற்றிலை போடமாட்டன், சொல்லிப்போட்டன். மற்றது, பீற் பரவாயில்லை. அதுக்குள்ளை ஹ்ஹா ஹ்ஹா எண்டு ஒண்டு போகுதே, அதுதான் திறம். இஞ்சை எல்லாரும் கேக்கிறாங்கள். அது என்ன மெஷின்?"

கைமுட்டி தோலுரியக் குத்தியவன் நான். இப்போது தபால்கார அண்ணை சைக்கிளில் இருந்தபடியே என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார்.

நான் மச்சானைப் பார்த்தேன். கிணற்றடி பற்றி ஒரு சொல் இல்லை, சாப்பிட்டானா என்று இல்லை. நல்ல ஏச்சு, ஒரு பெரிய ஆளுக்கு விழுகிற ஏச்சு. கோபப்படுவான் என்று நினைத்தேன். அவனோ காதுவரைக்கும் சிரித்துக்கொண்டு வந்து றெக்கோடருக்கு முன்னால் குந்தினான்.

"வெறும் கசெற்றைப் போடு மச்சான். அண்ணை, நிப்பாட்டாதேங்கோ."

"வரியை மாத்தப்போறியோ?"

"ஏன் மாத்தவேணும்? தெரியுமெண்டால் வந்து பாத்திட்டுச் சொல்லட்டும். நான் மாத்தமாட்டன் எண்டு பதியப்போறன்."

"அண்ணனோடை சண்டை பிடிக்கப்போறியோடா?" என்றா மாமி.

"ஓம்."

மாமி இரண்டு கையையும் சீலையில் துடைத்தா. "அப்ப இந்தப் பக்கம் தள்ளியிரு," என்றா, "அம்மா சுகமோ எண்டும் கேக்கேல்லை, அவனோடை பிடிக்க என்னட்டையும் ஒரு சண்டை இருக்கு. முதல் நான்."